எழுத்தும் வாசிப்பும் ஒரே நாளுக்குள் அடங்க என்ன வழி?

மைக்கூடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு சிக்கலை இங்கே வைக்கிறேன். முழுநேர வேலையில் இருந்துகொண்டே எழுதுபவர்களும் வரைபவர்களும் இசை பயில்பவர்களும் இங்கு இருப்பதால், இதை என்னைவிடத் தெளிவாகக் கண்டவர்கள் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் ஒரு குறுநாவல் எழுதிவருகிறேன். சரியாகச் சொன்னால், ஒன்பதாம் அத்தியாயத்தில் நிற்கிறேன். அங்கே நின்று 14 மாதங்கள் ஆகின்றன. இடையில் ஒரு கட்டுரைத் தொகுப்பை மொழிபெயர்க்கத் தொடங்கினேன், பிறகு இலைகளை மையால் வரையும் வரிசை ஒன்றைத் தொடங்கினேன். இரண்டும் பாதியில் கிடக்கின்றன. இதே 14 மாதங்களில் நான் வாசித்து முடித்த புத்தகங்கள் 50-க்கும் மேல். வாசிப்பு எனக்கு உயிர். ஆனால் எழுத உட்கார வேண்டிய நேரத்தில் கை தானாகப் புத்தகத்தை நோக்கிப் போகிறது. வாசிப்பதும் நாவலுக்கு உதவும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு மணி நேரம் கழித்து, பிறர் எழுதிய அழகான வாக்கியங்கள் தலையில் நிறைந்திருக்கும்போது, சொந்தமாக ஒரு வரி எழுதவும் துணிவு வருவதில்லை.

கால அட்டவணை நான்கு முறை போட்டேன். நான்கும் ஒரே விதமாகவே முடிந்தன. பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஒழுங்காகப் போகும்; பிறகு ஒரு நாள் அலுவலகத்தில் நேரம் நீண்டுவிடும், அல்லது வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போய்விடும். அன்று தவறியதும் மறுநாள் அந்தத் தாளைப் பார்க்கவே மனம் கூசும். அதற்கடுத்த நாள் அதை மேசையின் இழுப்பறைக்குள் வைத்துவிடுவேன்.

வாசிப்பைக் குறைக்காமல் எழுத்து வேலையை நகர்த்த முடியுமா? சுய ஒழுங்கு என்று நாம் சொல்வது இயல்பிலேயே சிலருக்கு மட்டும் வாய்ப்பதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நடுப்பக்கம்

நண்பரே, வாசிப்பைக் குறைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் வாசிப்பு என்று ஒரே சொல்லால் குறிப்பிடுவதற்குள் குறைந்தது இரண்டு செயல்கள் இருக்கின்றன. ஒன்று, களைத்த மனம் இளைப்பாறுவதற்காக வாசிப்பது. மற்றொன்று, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து ஒரு நூலோடு வாதாடுவது. முதலாவது ஓய்வு, அதற்குக் கணக்கே வேண்டாம். இரண்டாவது உழைப்பு, அது எழுத்து கேட்கும் அதே விழிப்பையும் அதே பொறுமையையும் கேட்கிறது. ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் தெளிந்த மனம் ஒரு மணி நேரம்தான் என்றால், அந்த மணி நேரத்தை எது முதலில் எடுத்துக்கொள்கிறதோ அதுவே அன்றைய வேலையாகிவிடுகிறது. ஆகவே எத்தனை மணி நேரம் வாசிக்கிறீர்கள் என்பதை விட, எதற்கு முன்னால் வாசிக்கிறீர்கள் என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

இன்னொன்று. 50 புத்தகங்கள் வாசித்ததாகச் சொல்கிறீர்கள். அவற்றில் எத்தனை இன்று உங்களிடம் இருக்கின்றன? குத்திக்காட்டக் கேட்கவில்லை, இதே கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டபோது நான் அதிர்ந்துபோனேன். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைப் படித்த மாணவர்களுள் ஒரு சாரார் அதையே திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக மேலே இருந்தார்கள். படித்தவுடன் எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றும் உணர்வு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை இதில் கண்டுகொண்டேன்.

அன்றிலிருந்து, கட்டுரை நூல் ஒன்றில் ஓர் இயலை முடித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஐந்து நிமிடம் என் சொற்களில் எழுதுகிறேன். வாசிப்பின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் வாசித்து முடித்த இடத்திலேயே எழுதத் தொடங்கிவிடுவதால், எழுத்துக்கு என்று தனியே மனத்தைத் திருப்ப வேண்டிய சிரமமும் குறைந்தது.

கரிக்கோடு

நான் வரைபவள். இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. எனக்கு ஒரு நாளில் உறுதியாகக் கிடைப்பது குழந்தை நண்பகலில் உறங்கும் நேரம். அது சில நாட்கள் 50 நிமிடம், சில நாட்கள் 20 நிமிடம், எப்போது முடியும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே அட்டவணை என்ற சொல்லையே நான் கைவிட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக எடுத்த எடுப்பில் வேலை தொடங்கும்படி எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளப் பழகினேன்.

எப்படி என்றால், என் வரைபலகை எப்போதும் சன்னலோரச் சுவரில் சாய்ந்திருக்கும். தாள் அதில் நான்கு மூலையும் ஒட்டப்பட்டபடியே இருக்கும். பென்சில்களை வேலை முடிந்தபிறகுதான் சீவி வைப்பேன், தொடங்கும்போது சீவ மாட்டேன். முக்கியமானது இதுதான்: ஒரு பகுதியை முழுதாக முடித்துவிட்டு எழுந்திருக்க மாட்டேன். ஒரு மரத்தின் நிழலைத் தீட்டிக்கொண்டிருந்தால், அந்த நிழலின் கடைசி விரற்கடை அகலத்தை விட்டுவைத்துவிட்டு எழுவேன். மறுநாள் உட்கார்ந்ததும் என்ன வரைவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. அந்த மீதியை நிரப்பத் தொடங்குவேன். நிரப்பி முடிப்பதற்குள் கை சூடாகிவிடும், கண்ணும் பழகிவிடும். 20 நிமிடம் மட்டுமே கிடைத்த நாளிலும் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கும்.

வாசிப்பை நான் முழுவதுமாக இரவுக்குத் தள்ளிவிட்டேன். களைத்த கண்ணால் கோடு போட முடியாது, கதை படிக்க முடியும். மைக்கூடு, உங்களுக்கு எந்த நேரத்தில் மனம் தெளிவாக இருக்கிறது என்பதை ஒரு வாரம் குறித்துப் பார்த்தீர்களா?

பழைய கடிகாரம்

நான் ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த காலத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் விடியலுக்கு முன் எழுந்து எழுதியிருக்கிறேன். ஆகவே சற்று உறுதியாகவே சொல்கிறேன்: கடிகாரத்தைத் தவிர வேறு துணை கிடையாது. மனநிலை வரட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் நிறைய எழுதியவர் எவரும் இல்லை.

அந்தோணி டிரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் அஞ்சல் துறையில் முழுநேர அலுவலர். அவர் காலை 5.30 மணிக்கு மேசையில் இருப்பார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கு வைத்து எழுதினார். இப்படி எழுதியே 47 நாவல்களை முடித்தார். இதைவிட எனக்குப் பயன்பட்டது அவருடைய இன்னொரு பழக்கம்: முதல் அரை மணி நேரத்தில் முந்தைய நாள் எழுதியதைத் திரும்பப் படிப்பார். எழுத உட்காரும்போது வாசித்தே தீர வேண்டும் என்றால், மைக்கூடு அவர்கள் தம்முடைய பக்கங்களையே வாசிக்கட்டும். பிறர் நூலைத் திறந்தால் அந்த ஆசிரியரின் குரல் காதில் நிறைந்துவிடும். தம் பக்கங்களைத் திறந்தால் தம் குரல் திரும்பி வரும்.

கரிக்கோடு

ஐயா, உங்கள் சொல்லில் உள்ள உண்மையை மதிக்கிறேன். ஆனால் அந்த எடுத்துக்காட்டோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிரோலப்பை அந்த நேரத்துக்கு எழுப்புவதற்கென்றே ஒரு பணியாளருக்குத் தனியாக ஊதியம் கொடுக்கப்பட்டது; அவரே அதை எழுதிவைத்து, தாம் பெற்ற வெற்றியில் அந்தப் பணியாளருக்கு உள்ள பங்கையும் மனமாரச் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் ஒருவர் தனியே உட்கார்ந்து எழுத முடிகிறது என்றால், அந்த வீட்டில் வேறு யாரோ அந்த அமைதியைக் காத்துக்கொடுக்கிறார் என்று பொருள். இரவில் மூன்று முறை எழுந்திருக்கும் ஒரு தாயிடம், உங்களுக்கு ஒழுங்கு போதவில்லை என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லக் கேட்டு, அதை நம்பி, ஓராண்டு வரையாமலே இருந்தவள் நான்.

பழைய கடிகாரம்

சரியாகச் சொன்னீர்கள், அம்மா. என் வீட்டிலும் அந்த அமைதியைக் காத்தவர் ஒருவர் இருந்தார். அதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அச்சுப்படி

எல்லோரும் நேரத்தைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு வேறொரு சந்தேகம். நான் பிறர் எழுத்தைச் செம்மைப்படுத்தும் வேலையில் இருப்பவன். ஓர் எழுத்தாளர் ஒரே இடத்தில் பல மாதங்கள் நின்றால், நான் முதலில் சந்தேகப்படுவது அவருடைய பழக்கவழக்கங்களை அல்ல, அந்த இடத்தைத்தான். மைக்கூடு எட்டு அத்தியாயங்களை இதே வேலையோடும் இதே வாசிப்போடும் எழுதியிருக்கிறார். ஒன்பதாவதில் மட்டும் ஒழுங்கு திடீரென்று கெட்டுப்போகக் காரணம் என்ன? அங்கே அவருக்கே விடை தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்காமல் இருப்பதற்கு மொழிபெயர்ப்பும் இலைகளும் 50 புத்தகங்களும் உதவுகின்றன என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அத்தியாயத்தில் என்ன நடக்க வேண்டும் என்று இரண்டு வரிகளில் சொல்ல முடியுமா?

மைக்கூடு

இதை வாசித்துவிட்டு நேற்று முழுவதும் பதில் எழுத முடியவில்லை. நீங்கள் சொன்னது உண்மை.

ஒன்பதாம் அத்தியாயத்தில், வீட்டை விற்றுவிட்ட செய்தியை மகள் தந்தையிடம் சொல்ல வேண்டும். அவள் அறைக்குள் வருகிறாள், தந்தை ஒரு குடையைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே நிற்கிறது. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பாளா, காரணம் சொல்வாளா, அல்லது சொல்லாமலே திரும்பிப் போய்விடுவாளா? குடையின் கம்பிகளை மட்டும் ஏழு முறை மாற்றி மாற்றி வருணித்திருக்கிறேன். என் சிக்கல் நேரப் பற்றாக்குறை என்றே இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

அச்சுப்படி

அப்படியானால் ஒரு சிறிய பயிற்சி சொல்கிறேன். வருணனை ஒன்றுகூட இல்லாமல், இருவரும் பேசுவதை மட்டும் நாடகம்போல எழுதுங்கள். மூன்று தனித் தாள்கள்; நீங்கள் சொன்ன மூன்று வழிக்கும் ஒவ்வொன்று. இவை எதுவும் நாவலுக்குள் போகப்போவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நன்றாக எழுத வேண்டும் என்ற கட்டாயம் நீங்கினால்தான் அவள் வாய் திறப்பாள். அந்த அறையில் அவள் எங்கே நிற்கிறாள் என்பதைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அரைவட்டம்

பாதியில் கிடக்கும் மற்ற இரண்டு வேலைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அவை சும்மா கிடப்பதாகத் தோன்றினாலும் சும்மா கிடப்பதில்லை. வினையின் எச்சத்தைத் தீயின் எச்சத்தோடு ஒப்பிட்டார் வள்ளுவர்; அணைந்துவிட்டது என்று நாம் திரும்பிவிட்ட பிறகும் அது உள்ளே எரிந்துகொண்டுதான் இருக்கும். நாவலை எழுத உட்காரும்போது, மொழிபெயர்ப்பு என்ன ஆயிற்று என்று மனத்தின் மூலையிலிருந்து ஒரு கேள்வி வருமே, அதுதான் அந்தக் கனல்.

அதற்காக எல்லாவற்றையும் முடித்தாக வேண்டியதில்லை. மாசிகாம்போ, பௌமைஸ்டர் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடியாத வேலை ஒன்றின் நினைவு வேறொரு வேலையில் இருப்பவர்களுக்கு இடைஞ்சலாக வருவதைக் கண்டார்கள். அந்த முடியாத வேலையை எப்படி, எப்போது செய்வது என்று திட்டவட்டமாக எழுதிவைத்தவர்களுக்கு அந்த இடைஞ்சல் நீங்கியது. வேலை முடியவில்லை, ஆனாலும் மனம் அதை விட்டது.

நான் இதை ஓர் உறை வைத்துச் செய்கிறேன். தள்ளிவைக்கும் வேலைக்குரிய தாள்களை உறைக்குள் போட்டு, மேலே மூன்று செய்திகளை எழுதுவேன்: எந்த இடத்தில் நின்றது, திரும்ப எடுத்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன, எந்த மாதத்தில் திறந்து பார்க்கப்போகிறேன். பிறகு அதைக் கண்ணில் படாத அலமாரிக்கு அனுப்பிவிடுவேன். அந்த மாதம் வந்ததும் திறந்து பார்த்து, இனி வேண்டாம் என்று மனமாரக் கைவிட்ட வேலைகளும் உண்டு. அவற்றை நினைத்து இன்று வருத்தம் இல்லை. உறைக்குள் போடாமல் மேசையிலேயே இரண்டு ஆண்டுகள் கிடந்தவற்றை நினைத்தால்தான் வருத்தம்.

மைக்கூடு

உறை வழக்கத்தை அன்றே செய்தேன். மேசை காலியானதும் நெஞ்சும் லேசானதை உணர்ந்தேன். வேலையிலிருந்து திரும்பியதும், வேறு எந்தப் புத்தகத்தையும் தொடாமல், 25 நிமிடம் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். ஒன்பது நாட்கள் நடந்தது. பத்தாவது நாள் தவறியது, பதினோராவது நாளும் தவறியது. பழைய கூச்சம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. இந்த இடத்தில்தான் எப்போதும் விழுகிறேன். இதைக் கடந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நான்காம் தந்தி

வயலின் பயில்பவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். தவறிய நாட்கள்தான் என் வாழ்க்கையில் அதிகம்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடனிருந்தோரும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து நடத்திய ஓர் ஆய்வு உண்டு. 2010-இல் அச்சில் வந்தது. ஒவ்வொருவரும் தாம் தேர்ந்த ஒரு செயலை நாள்தோறும் செய்ய முயன்றார்கள். அது தன்னியல்பாக நடக்கும் நிலைக்கு வர ஒருவருக்கு 18 நாள், மற்றொருவருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். இடைநிலை 66 நாள். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பலரும் சொல்வதை நம்பி, 22-ஆம் நாளும் கடினமாக இருப்பதைக் கண்டு நான் என்னையே நொந்துகொண்ட காலம் உண்டு. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் ஆறுதல் தந்தது, ஒரு வாய்ப்பு தவறியதால் பழக்கம் உருவாகும் போக்கு குறிப்பிடத்தக்க அளவில் கெடவில்லை என்பதுதான். உங்களை வீழ்த்துவது பத்தாம் நாள் அல்ல, நண்பரே. அந்தப் பத்தாம் நாளைப் பற்றி நீங்கள் எழுதிக்கொள்ளும் தீர்ப்புதான்.

மன உறுதி என்பது செலவாகித் தீரும் சரக்கு என்ற கருத்தையும் நான் நெடுநாள் நம்பியிருந்தேன். 1998-இல் வந்த ஆய்வொன்றால் அது புகழ்பெற்றது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அதன் அடிப்படையைச் சோதித்தபோது, அந்த விளைவு ஏறத்தாழ இல்லை என்றே வந்தது. ஆகவே, இன்று என் உறுதி தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளும் வழியும் எனக்கு அடைபட்டது.

தவறிய நாளுக்கு அடுத்த நாள் நான் செய்வதைச் சொல்கிறேன். பெட்டியைத் திறப்பேன், நான்கு தந்திகளையும் சுருதி சேர்ப்பேன், விரல் வைக்காமல் ஒவ்வொரு தந்தியிலும் வில்லை அடியிலிருந்து நுனிவரை நான்கு முறை இழுப்பேன். அவ்வளவுதான், அதோடு பெட்டியை மூடினாலும் அன்று பயின்றதாகவே கணக்கு. நான்காவது தந்தியில் வில் நகரும்போது பெரும்பாலும் விரல்கள் தாமாகவே இறங்கிவிடும். இறங்காத நாளும் உண்டு, அன்று உண்மையிலேயே மூடிவிடுவேன். உங்கள் வேலையில் அதற்கு இணையான செயல் எது என்று யோசியுங்கள். முந்தைய நாளின் கடைசி வரியைக் கையால் ஒரு முறை படி எடுப்பதாகக்கூட இருக்கலாம்.

மைக்கூடு

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் என் நன்றி.

49 நாட்களில் 38 நாட்கள் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தவறிய 11 நாட்களில் ஒருமுறை தொடர்ந்து மூன்று நாட்கள் போயின. திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் கடைசி வரியைப் படி எடுத்துத்தான் தொடங்கினேன். இரண்டு நாட்கள் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன். நாட்காட்டியில் குறியிடும் வழக்கத்தை விட்டுவிட்டேன், ஏனென்றால் வெறுமையாக விட்ட கட்டங்களே என் கண்ணில் முதலில் பட்டன. இப்போது எழுதிய பக்கத்தின் ஓரத்தில் தேதி மட்டும் இடுகிறேன்.

மூன்று தாள்களும் எழுதினேன். மன்னிப்பும் பொய்யாக ஒலித்தது, காரணமும் பொய்யாக ஒலித்தது. மூன்றாவது தாளில் மகள் ஒன்றும் சொல்லாமல் குடையை வாங்கித் தானே தைக்கத் தொடங்கினாள். தந்தை, எவ்வளவுக்குப் போயிற்று என்று கேட்டார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அது தெரியாமல் இருந்தது. ஒன்பதாம் அத்தியாயம் அதன் பிறகு 12 நாட்களில் முடிந்தது.

சரிவராதவற்றையும் சொல்ல வேண்டும். புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதும் வழக்கம் கட்டுரை நூல்களுக்கு மிக நன்றாகப் பொருந்தியது. நாவல்களுக்கு அதைச் செய்தபோது வாசிப்பின் இன்பமே குன்றிப்போனதால் நிறுத்திவிட்டேன். விடியற்காலை எழுத்தை ஐந்து நாட்கள் முயன்றேன். கடிகாரம் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும், அது எனக்குரிய நேரம் இல்லை. இந்த ஏழு வாரங்களில் நான்கு புத்தகங்கள்தான் முடித்திருக்கிறேன். முன்பு இதே காலத்தில் ஆறேழு முடித்திருப்பேன். அந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது. அது உறுத்தவில்லை என்று சொன்னால் பொய்யாகும். விடுமுறை நாட்களில், முழு நாளும் கையில் இருக்கும்போது, ஒரு வரியும் எழுதாமல் பொழுது போய்விடுவதைத் தடுக்க இன்னும் வழி காணவில்லை.

கரிக்கோடு

விடுமுறை நாளிலும் அதே 25 நிமிடத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். முழு நாளையும் வேலைக்கு என்று ஒதுக்கினால், எங்கே தொடங்குவது என்று தெரியாமலே நண்பகல் வந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. அதே நேரம், அதே இடம், அதே அளவு. மீதிப் பொழுது முழுவதும் வாசியுங்கள், உறுத்துகிறது என்று சொன்னீர்களே.

பழைய கடிகாரம்

பொறுத்துக்கொள்வதற்கு ஒன்றும் இல்லை, நண்பரே. வேலையிலிருந்து திரும்பிய களைப்போடு 38 நாட்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். என்னால் அது முடிந்ததே இல்லை. தந்தைக்கு முன்பே தெரிந்திருந்தது என்றால், அவர் எட்டாம் அத்தியாயத்தில் பேசியவற்றை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள். அங்கே சில வரிகளை மாற்ற வேண்டியிருக்கும்.

மைக்கூடு

ஆம், மூன்று இடங்கள் இருக்கின்றன. இன்று மாலை முதல் இடத்தைத் திருத்தினேன். மற்ற இரண்டையும் பக்க ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறேன்.